நூற்று அறுபது இடது கைகள்

மார்ச் 2, திங்கள்

காலையில் இவரை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குப் போனேன். ஒரு மணி நேரம் தாமதம். நல்லவேளை, அதற்குள் சிட்டு வெட்டுமேசையில் துணியை விரித்துவைத்திருந்தாள். காவலாளிகளுக்கான குளிர் ஜாக்கெட், எண்பது. இன்று கை மட்டும் வெட்ட வேண்டும்.

"முகத்தோட முகம் சேர்த்துத்தான் விரிச்சிருக்கேன்க்கா, நீ தைரியமா வெட்டு" என்றாள். பதினோரு வருடமாக என் டிபன் பெட்டியில் பாதியைச் சாப்பிடுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெட்டினேன். மின்கத்தி இன்று அழகாகப் போனது.

மார்ச் 4, புதன்

குடி முழுகிவிட்டது.

இந்தத் துணி வெளியே வழவழப்பு, உள்ளே மெத்துமெத்தென்று இருக்கும். முகத்தோடு முகம் சேர்த்து விரித்தால்தான் ஒரே வெட்டில் இடது கையும் வலது கையும் ஜோடியாக வரும். எல்லாவற்றையும் மேல்முகமாக விரித்திருக்கிறாள். நூற்று அறுபதும் இடது கை! எண்பது காவலாளிகளும் வலது கையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும்.

சூப்பர்வைசர் கேட்டபோது சிட்டு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அக்காதான் அப்படி விரிக்கச் சொன்னாங்க."

இல்லை என்றேன். நான்கு முறை சொன்னேன். வெட்டியவள் நான், வெட்டுச்சீட்டில் கையெழுத்தும் என்னுடையது. என்னைப் பிரஸ் பட்டன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் நான் நின்ற மேசையில் இனி சிட்டு நிற்பாள்.

ஓரத்தைத் தூக்கிப் பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய் — ஏன்டீ? என் முகத்த ஒரு தடவ பாத்திருந்தா உனக்கு அந்த வார்த்தை வந்திருக்குமா?

மார்ச் 5, வியாழன்

கடவுளோடு இன்று பேச்சுவார்த்தை கிடையாது.

மார்ச் 6, வெள்ளி

பட்டன் பிரிவுக்கு வேலை மதியம்தான் ஆரம்பம். தைத்து வந்தால்தானே பட்டன் அடிக்க முடியும். அதனால் நான்கு வருடத்தில் முதல் முறையாக டயாலிசிஸ் முடியும்வரை இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கையைத் தொட்டால் பனிக்கட்டி. ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும்போது குளிருமாம். ஊசி தெரிய வேண்டும் என்று கையை மூடவும் விடமாட்டார்கள். நான்கு மணி நேரம் பல் தந்தியடிக்கக் கிடக்கிறார்.

"நாலு வருஷமா இப்படித்தானா? ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவ" என்றார், ஏதோ வானிலை சொல்வதுபோல.

கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கடவுளோடு பேசினேன். பேச்சு என்றா சொல்வது? சண்டை. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உனக்கு என்மேல் இன்னும் அக்கறை இருக்கிறதா, இல்லையா?

மார்ச் 9, திங்கள்

போர்வை சரிந்துகொண்டே இருக்கிறது. துண்டும் நிற்கவில்லை. இவர் கையைப் பார்த்தபடியே இருந்தேன். இடது கை.

இடது கை.

மதியம் பட்டறையில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த அந்த இடது கை மூட்டையைக் காட்டி, ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஒண்ணு எதுக்கு, மூட்டையையே தூக்கிட்டுப் போங்க. அதைப் பார்த்தாலே எனக்குத் தலை வலிக்குது" என்றார்.

மார்ச் 11, புதன்

ஜாக்கெட் கை ஒன்றில் நீளவாக்கில் ஒரு பிளவு, அதில் ஆறு பிரஸ் பட்டன். பட்டன் பிரிவில் இருப்பதால் அரை மணி நேர வேலை. நர்ஸ் இரண்டு பட்டனைத் திறந்து ஊசியைப் பார்த்தாள், மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். விளையாட்டுச் சாமான் கிடைத்ததுபோல.

இவர் இன்று நடுங்கவில்லை. குறட்டை விட்டார். இந்தக் குறட்டைக்காக இத்தனை வருடம் நான் போட்ட சண்டையெல்லாம் வாபஸ்.

பக்கத்துப் படுக்கை பஸ் டிரைவர், "எனக்கும் ஒண்ணு கிடைக்குமாம்மா?" என்றார். அவருக்கும் இடது கைதான். நர்ஸிடம் கேட்டேன். வலது கை வேலை செய்யும் கை என்பதால் முக்கால்வாசிப் பேருக்கு இடது கையில்தான் ஊசி என்றாள்.

நூற்று அறுபது! அந்த வார்டின் நடுவில் உட்கார்ந்து பைத்தியக்காரிபோல் சிரித்தேன்.

கடவுளே, சிட்டுவைப் பொய் சொல்ல வைத்தது நீ என்று நான் சொல்லமாட்டேன். அது அவள் செய்தது, எனக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது. ஆனால் நான் உன்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த நாளிலும் நீ இவர் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அக்கறை இருக்கிறதா என்று கேட்டேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

வார்டுக்காக முப்பத்தெட்டு முடித்தாயிற்று. கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. இவர் எனக்குத் தெரியாமல் பிளவு வெட்டப்போய் ஒன்றைப் பாழாக்கிவிட்டு, சோபாவுக்கடியில் ஒளித்துவைத்திருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

சிட்டு பட்டன் மேசைக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள்.

"வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்க்கா. வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல."

திட்ட இரண்டு வாரமாக வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "எங்கிட்ட சொன்னா பத்தாது சிட்டு. யார்கிட்ட பொய் சொன்னியோ அங்க போய்ச் சொல்லு" என்றேன்.

போனாள். எதிர் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது, அவள் திரும்பி வந்து உட்கார வேண்டும் என்று எனக்கே தோன்றியது. இதுதான் மன்னிப்பா? தெரியவில்லை. டிபன் பெட்டியில் பாதி மிச்சம் இருந்தது.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டாளாம். எல்லோர் முன்னாலும். சூப்பர்வைசர் என்னிடம் வந்து இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

ஏப்ரல் 2, வியாழன்

மூட்டை காலி, எல்லாம் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. முதலாளியம்மா கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். மற்றக் கிளைகளுக்கும் சேர்த்து இன்னும் நானூறு வேண்டுமாம், எல்லாம் இடது. வலது கை எத்தனை வேண்டும் என்று பிறகு எழுதுவார்களாம். "உங்க மேசைக்கே திரும்பிடுங்க. துணி விரிக்க யார் வேணும்?" என்றார்கள்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் நான் ஆஸ்பத்திரியில்தான் இருப்பேன் என்றேன். சரி என்றார்கள். விரிக்க சிட்டு போதும் என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பழைய மேசை. துணிச் சுருளைப் பிடித்துக்கொண்டு சிட்டு நின்றுகொண்டே இருந்தாள். பிரிக்கத் துணிவில்லை.

"எப்படிக்கா விரிக்கணும்?"

"எல்லாத்தையும் மேல்முகமா விரி" என்றேன்.

என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம், அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அழகாக விரித்து முடித்தாள். நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்.