செவலை முட்டிய காட்சி

பிப்ரவரி 4
ஊரில் சினிமா எடுக்க வந்திருக்கிறார்கள். படம் முழுக்க மாட்டின் கண்ணால் பார்ப்பதாம். செல்லிப்பட்டு முழுக்கத் தேடி எங்கள் செவலையைத்தான் பிடித்திருக்கிறார்கள். வாயெல்லாம் பல்லாக நின்றேன். "அப்போ மாட்டுக்காரியா நான் வரணுமா சார்?" என்று டைரக்டரைக் கேட்டும் விட்டேன்.
"இல்லக்கா. அதுக்கு அருள்மொழின்னு நடிகை வராங்க."
தாய் செத்த கன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். மாட்டுக்காரி அவளாம்!

பிப்ரவரி 7
அருள்மொழி பால் கறக்க உட்கார்ந்து மடியில் கை வைத்தாள். செவலை ஒரு சொட்டுப் பால் இறக்கவில்லை. நல்லா வேணும்.

பிப்ரவரி 8
என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. நான் ஊருக்குப் போனால் என் புடவையைச் சுற்றிக்கொண்டுதான் அவர் பால் கறப்பார் — வாசனைக்கு. அதைப் போய் டைரக்டரிடம் சொல்லியிருக்கிறார். நான் அவிழ்த்துப்போட்ட புடவையை வாங்கி அவளுக்குக் கட்டிவிட்டார்கள். செவலை அசையாமல் நின்றது. பால் நுரைத்துக்கொண்டு வந்தது. போதாததற்கு அவள் கழுத்தை வேறு நக்கியது.
எனக்குச் சோறு இறங்கவில்லை.
"இன்னாடி, மாட்டுக்குப் போயி யாராச்சும் பொறாமைப்படுவாங்களா?" என்கிறார்.
படுவேன். வவுறு எரியுது. இன்னா இப்போ?

பிப்ரவரி 9
'நாளைக்கும் இதுதான், துவைச்சிடாதீங்க' என்று புடவையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சோப்புப் போட்டு ரெண்டு தடவை அலசிக் காயப்போட்டேன்.

பிப்ரவரி 10
மாட்டை விற்கிற காட்சி. வண்டியில் ஏற்றுவதற்கு முன் அருள்மொழி அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். நான் அலசிய புடவையோடு கிட்டே போனாள். செவலை மோந்து பார்த்தது. தலையைத் திருப்பி ஒரே முட்டு. சேற்றில் போய் விழுந்தாள்.
எழுந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள். "செவலை மேல தப்பில்லக்கா. நான்தான் வேகமா போயிட்டேன். அதை அடிச்சிடாதீங்க."
மஞ்சள் பத்துப் போட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புடவையைத் துவைத்ததை மட்டும் சொல்லவில்லை.

நவம்பர் 23
பாண்டியில் படம் பார்த்தோம். செவலை முட்டியதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். தன்னை விற்கப்போவது மாட்டுக்குத் தெரிந்துவிட்டதாம், அந்தக் கோபமாம். தியேட்டரே கைதட்டியது.
"மாட்டு மனச எப்டி படிச்சிருக்கான் பாரு!" என்று வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
மாட்டு மனசா? அவ்வளவு பெரிய திரையில் தெரிந்தது என் மனசு. ஊரே பார்த்தது. ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.