நிதிப் பணிப்பாளர் தேவை: மூன்றாம் முறை

ஜனவரி 12, திங்கள்

மழையா பனியா என்று முடிவெடுக்காத ஏதோ ஒன்று காலையிலிருந்து. குடை வீட்டில்.

செய்ய வேண்டியவை: நி.ப. விளம்பரம் வலைத்தளத்தில் சரியாகத் தெரிகிறதா பார்ப்பது. மனிதவளப் பிரிவு மேலாளர் கெஸ்லருக்கு அறிக்கை. சப்பாத்து காயவைப்பது.

நி.ப. என்றால் நிதிப் பணிப்பாளர். இந்த மாவட்ட நிர்வாகத்தின் வரவு செலவுத் திட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. இப்போது இருப்பவர் மார்ச் முடிவில் ஓய்வு. தன் அறைப் பூச்சாடிகளை நாளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மனிதவளப் பிரிவில் நாங்கள் தினமும் மிச்சச் சாடிகளை எண்ணுகிறோம்.

இது மூன்றாவது விளம்பரம். முதல் முறை வந்தவை இரண்டே விண்ணப்பம். ஒருவர் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். மற்றவர் பக்கத்து மாவட்டத்தின் பெயருக்கு எழுதியிருந்தார். இரண்டாம் முறை நல்ல ஆள் கிடைத்தார். மனைவியுடன் ஊரைப் பார்க்க வந்தார். நவம்பர் மாதம், செவ்வாய், மழை. திரும்பிப் போகும் வழியில் நெடுஞ்சாலையிலிருந்தே தொலைபேசி எடுத்து, வேண்டாம் என்றார்.

இம்முறை விளம்பரம் எழுதியது நான். கடைசி வரி தடித்த எழுத்தில்: வெள்ளி மதியம் 12 மணிக்குப் பின் வருபவை ஏற்கப்படமாட்டா. அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் தகுதிகாண் காலம் பெப். 28இல் முடிகிறது. அதன் பின் நிரந்தரமா, வீடா என்பது கெஸ்லரின் கையில்.

அம்மா பிரேமனிலிருந்து தொலைபேசி.
“ஆள் கிடைச்சுதே?”
“இன்னும் இல்லை அம்மா.”
“அப்ப நீயே அந்தக் கதிரையில இரன்.”
“எனக்கு அதுக்குத் தகுதி இல்லையம்மா.”
“வந்தவைக்கு இருந்ததே?”

ஜனவரி 15, வியாழன்

காற்று. சைக்கிள் கொட்டகைத் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டில் திருமதி லிண்டனுடன். நிதிப் பிரிவின் துணைப் பணிப்பாளர். பதினேழு வருடம் அங்கேதான். எந்தப் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, எந்தப் பாலம் இன்னும் எத்தனை பாரவூர்தி தாங்கும் எல்லாம் தலைக்குள். (இங்கே எல்லாரும் ஜெர்மன் மொழியில்தான் பேசுகிறார்கள். நான் யாழ்ப்பாணத் தமிழில் எழுதிவைக்கிறேன். என் டைரி, என் சட்டம்.)

“நீங்கள் ஏன் விண்ணப்பிக்கேல்லை?” என்று கேட்டேன்.
“எனக்குச் சபையில நிண்டு பேச ஏலாது. ஒருக்கா மூண்டு வரி வாசிக்கச் சொன்னவை. பயத்தில பக்க எண்ணையும் சேர்த்து வாசிச்சிட்டன்.”
“அது ஒருக்காத்தானே?”
“பிறகு ஆரும் கேட்கேல்லை.”

உருளைக்கிழங்கு சாலட்டை நான்கு சம பங்காகப் பிரித்துச் சாப்பிடுகிறார்.

ஜனவரி 16, வெள்ளி

12.00. பெட்டியை மூடினேன். ஐந்து விண்ணப்பம். பரவாயில்லை என்னக்கூடியவை இரண்டு. ஒன்றில் ‘பொழுதுபோக்கு: சேமிப்பு’. இன்னொன்றில் புகைப்படம் குதிரையுடன், குதிரைதான் தெளிவு.

ஜனவரி 19, திங்கள்

கண் கூசும் வெயில், பூச்சியத்துக்குக் கீழே ஆறு.

காலை 9.40க்கு ஆறாவது விண்ணப்பம். கலாநிதி ஸ்ட்ரோமர், பெர்லின். இருபத்தெட்டுப் பக்கம். மாவட்டத் தலைவரும் இவரும் ஒன்றாகப் படித்தவர்கள் என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். 10.15க்குக் கெஸ்லர் வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவு சாத்தினால் நல்லதாக இருந்ததில்லை.

“தர்ஷினி, அந்த மின்னஞ்சல்... வழியில எங்கேயும் சுணங்கியிருக்குமோ?”
“இண்டைக்குக் காலமை அனுப்பி, இண்டைக்குக் காலமையே வந்தது.”
“இயந்திரம்தானே, பிழை விடாதோ?”
“விடும். அப்பிடி எண்டு நீங்கள் எழுதித் தந்தா நான் கோப்பில போடுறன்.”

எழுதித் தரவில்லை. சன்னல் விளிம்பிலிருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அது பிளாஸ்டிக் செடி. அவருக்கும் தெரியும்.

வாய் அவ்வளவு உறுதியாகச் சொன்னதே தவிர, கழிப்பறைக்குப் போய்க் கையை மூன்று முறை கழுவினேன். தகுதிகாண் காலம் இன்னும் நாற்பது நாள். கணவர் குகன் மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்.
“பிந்தி வந்தது பிந்தினதுதானே. இதில என்னப்பா யோசனை?”
“என்னை நிப்பாட்டினா?”
“நிப்பாட்டினா வேற வேலை. நீ பொய் எழுதிப்போட்டு வந்தா வீட்டில ஒருத்தரும் நிம்மதியாச் சாப்பிட ஏலாது. போன மாசம் கடையில தானியக்கக் கதவில இடிச்சதையே மூண்டு நாள் யோசிச்சனி.”

ஜனவரி 20, செவ்வாய்

இன்றுதான் உண்மையான சோதனை.

8.05க்குத் திருமதி லிண்டன் என் மேசை முன். கையில் நீலக் கோப்பு. விண்ணப்பம், மூன்று பிரதி, உள்ளடக்கப் பட்டியலுடன்.

“சனி ஞாயிறு முழுக்க யோசிச்சன். புதுசா ஆர் வந்தாலும் வேலை பழக்கப்போறது நான்தான். மூண்டு பேரைப் பழக்கியாச்சு. நாலாவது ஆளையும் பழக்கிறதுக்கு, நானே இருக்கிறன்.”

முகம் சிவந்திருந்தது. பதினேழு வருடத்துக்குச் சேர்த்து ஒரே மூச்சில் சொன்ன மாதிரி. எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் இன்று செவ்வாய்.

என் அழகான, தடித்த வரி! நேற்று ஒருவருக்குச் சட்டம் சொன்னேன். அவரை எனக்குப் பிடிக்காததால் சொல்ல சுகமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இன்று பிடித்தவருக்கும் அதையேதான் சொல்ல வேண்டும்.

“பிந்திட்டுது, திருமதி லிண்டன்.”
அவர் கோபப்படவில்லை. “ஓம், அது சரி. பிந்தினது பிந்தினதுதான்,” என்று கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கோபப்பட்டிருக்கலாம்.

ஜனவரி 21, புதன்

குகனுக்கு முட்டை பொரிக்கும்போது யோசனை வந்தது. (முட்டை கருகியது.) ஒருவருக்காக விதியை வளைக்க ஏலாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு கிழமை நீட்டலாம். பகிரங்கமாக, காரணத்துடன்: தகுதியானோர் போதாது. அது பொய்யும் இல்லை, குதிரையே சாட்சி.

கெஸ்லரிடம் சொன்னேன். நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்து முகமெல்லாம் பல்.
“நல்லது! அப்ப கலாநிதியும் வரலாம்.”
“ஓம். மற்றவையும் வரலாம்.”
“மற்றவையெண்டா ஆர்?”
“ஆரும்.”

மாவட்டத் தலைவர் பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டார். சட்டப்படி சுத்தம். மனம் அவ்வளவு சுத்தமில்லை. கலாநிதிக்குக் கதவு திறந்ததும் நான்தான். திருமதி லிண்டனுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் போன அறிவிப்பு அவருக்கும் போனது. 9.12க்கு நீலக் கோப்பு என் மேசையில்.

ஜனவரி 28, புதன்

நீட்டிய காலமும் முடிந்தது. மொத்தம் ஏழு. அழைப்பது நான்கு பேரை: ஸ்ட்ரோமர், லிண்டன், சேமிப்பாளர், குதிரைக்காரர். (குதிரைக்காரர் காகிதத்தில் நல்லவர்.)

தேர்வுக்குழுவில் ஒன்பது பேர். மாவட்டத் தலைவர், கெஸ்லர், மாவட்டச் சபை உறுப்பினர்கள் ஐவர், ஊழியர் பிரதிநிதி, சமவாய்ப்பு அலுவலர். ஒன்பது பேருக்கும் பொதுவாக ஒரு நாள் தேடி இரண்டு நாள் போனது. ஒருவருக்குப் பல், ஒருவருக்குப் பனிச்சறுக்கு, குழுத் தலைவி பால்பண்ணை வைத்திருக்கும் விவசாயி, அவருக்கு மாடு கன்று போடும் நாள். கடைசியில் அதிசயம்: பெப். 12, வியாழன். ஒன்பது நாட்காட்டியிலும் வெற்று. அழைப்புகளை உடனே அனுப்பினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சி ஒரு கேக் துண்டு.

ஜனவரி 30, வெள்ளி

பிரதி இயந்திரத்தடியில் வீதிப் பிரிவு பேட்ரா.
“பன்ரெண்டாம் திகதியோ நேர்முகம்?” சிரித்துச் சிரித்துக் கடதாசித் தட்டைத் தவறவிட்டார். “பிள்ளை, அண்டைக்கு ஆல்ட்வைபர்!”

இந்த ரைன்லாந்துப் பகுதியின் கார்னிவல் திருவிழாவில் பெண்கள் நாள். காலை 11.11க்குப் பெண்கள் எல்லோரும் வேடம் போட்டு அலுவலகங்களைக் கைப்பற்றி ஆண்களின் கழுத்துப்பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்களாம். அன்றைக்கு ஒருவரும் வேலை வைக்கமாட்டார்களாம். நாட்காட்டி வெற்றாக இருந்ததன் காரணம் அதுதான்! நான் பிரேமனில் வளர்ந்தவள், இங்கே வந்து ஆறு மாதம். கெஸ்லர் காசல் ஊர்க்காரர், அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அதில் ஒரு சிறிய ஆறுதல்.

மாற்ற ஏலாது. ஒன்பது பேருக்கும் பொதுவான அடுத்த நாள் ஏப்ரலில். முடிவு: எட்டு மணிக்குத் தொடங்கி, பதினொன்றுக்கு முன் எல்லாம் முடிப்பது.

பெப்ரவரி 5, வியாழன்

மூடுபனி. எதிர்க் கட்டடம் காணாமல் போனது.

திருமதி லிண்டன் கேட்டார்: “என்னோட ஒருக்கா இருந்து பேசிப் பழகுவியளோ?”
“ஏலாது. மற்ற மூண்டு பேரோடயும் நான் பழகேல்லையே.”
“ஓமோம். கேட்டிருக்கக் கூடாது.”

மாலை வாகனத் தரிப்பிடத்தின் இரண்டாம் தளத்தில் ஒரு குரல். தூணுக்குப் பின்னால் அவர், வரிசையாக நின்ற கார்களைப் பார்த்து: “மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களே.” குரல் பக்கத்துக் காருக்கே எட்டியிருக்காது. நான் மெதுவாகப் படியேறி வந்துவிட்டேன். பேருந்துக்குக் காத்திருந்தபோது அந்த வரியை நானும் முணுமுணுத்தேன்.

பெப்ரவரி 12, வியாழன்

வரிசையாக எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

8.00 சேமிப்பாளர். ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் “சந்தர்ப்பத்தைப் பொறுத்தது”.

8.45 குதிரைக்காரர் வரவில்லை. ரயில் நடுவழியில். 9.50க்கு வியர்த்து வந்தார். நல்ல மனிதர், நல்ல பதில்கள். ஆனால் என் திட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால்.

10.45 கலாநிதி ஸ்ட்ரோமர். படங்களுடன் பேச்சு. அம்புக்குறிகள் எல்லாம் மேல் நோக்கி. சபை உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் பயம் வந்தது, நன்றாகத்தான் பேசினார்.

11.11 கதவு திறந்தது. முன்னால் பேட்ரா, கடற்கொள்ளைக்காரி வேடம், ஒரு கண்ணில் கறுப்புத் துணி. பின்னால் பதினைந்து பேர், மேளம், ட்ரம்பெட். மாவட்டத் தலைவர் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். பழைய கழுத்துப்பட்டிதான் கட்டி வந்திருக்கிறார். சரக். கெஸ்லர், சரக். பிறகு கலாநிதி.

“தொடாதேங்கோ! இது இத்தாலியப் பட்டு!”
மேளச் சத்தத்தில் பேட்ராவுக்குக் கேட்கவில்லை. சரக்.

கலாநிதி வெள்ளையாகிச் சிவப்பானார். பேட்ராவின் பெயரையும் பிரிவையும் கேட்டார். “நான் வந்ததும் முதல் வேலை, இந்தக் கூத்தை நிப்பாட்டுறது,” என்றார். அந்த நேரம் பார்த்து மேளம் ஓய்ந்திருந்தது. பால்பண்ணை அம்மா பேனையைக் கீழே வைத்தார்.

11.19க்கு நான் அவரிடம் போய், வேண்டுமென்றால் முதலிலிருந்து முழு நேரமும் தரலாம் என்றேன். “போதும்!” என்றார். அதை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினேன். கையெழுத்து வாங்கும் யோசனை மட்டும் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

11.40 திருமதி லிண்டன். சன்னலுக்குக் கீழே முற்றத்தில் இசைக்குழு. அவர் வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை.
“சத்தமா!” என்றார் பால்பண்ணை அம்மா, காதில் கை வைத்து.
அவர் சத்தமாகப் பேசினார். இன்னும் சத்தமாக. பிறகு கத்தினார். கத்தத் தொடங்கியதும் பயத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது போல; எழும்பி நின்று, தாளைப் பார்க்காமல், கூரை, பாலம், பேருந்து எல்லாம். ட்ரம்பெட் திடீரென்று நின்றது. அவர் நிற்கவில்லை.

“அந்தப் பாலத்தை ஒவ்வொரு வருஷமும் தள்ளித் தள்ளி வைக்கிறியள்! ஆரும் விழுந்தாப் பிறகு கட்டவோ? அப்பிடிப் பொய்யா ஒரு திட்டம் எழுத என்னால ஏலாது, தலைவர்!”

மாவட்டத் தலைவர் பாதிக் கழுத்துப்பட்டியுடன். திருமதி லிண்டன் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, “ஐந்தாம் பக்கம்,” என்று சொல்லி அமர்ந்தார்.

வாக்கெடுப்பு: ஆறு பேர் லிண்டனுக்கு. இருவர் குதிரைக்காரருக்கு. மாவட்டத் தலைவர் வாக்களிக்கவில்லை. வெளியே போகும்போது என்னிடம் மட்டும், “அந்தப் பாலத்தாலதான் நானும் வீட்டுக்குப் போறனான்,” என்றார்.

பேட்ரா எனக்கும் ஒரு கொள்ளைக்காரித் தொப்பி வைத்துவிட்டார். அதோடேயே பேருந்தில் வந்திருக்கிறேன்.

பெப்ரவரி 18, புதன்

கலாநிதியின் கடிதம், வழக்கறிஞர் மூலம். நேர்முகம் குலைக்கப்பட்டது, நியமனத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மாதக்கணக்கில் கதிரை வெறுமை. கெஸ்லர் செடிப் பக்கம் நடந்தார். நான் 11.19 குறிப்பையும் கையெழுத்தையும் பிரதியெடுத்து அனுப்பினேன்.

பெப்ரவரி 20, வெள்ளி

பதில். இரண்டு வரி. விண்ணப்பத்தை மீளப் பெறுகிறார், ‘இத்தகைய நிர்வாகத்தில்’ அவருக்கு ஆர்வமில்லை. இத்தகைய நிர்வாகத்தில் மதியம் எல்லோருக்கும் கேக்.

பெப்ரவரி 27, வெள்ளி

வசந்தம் மாதிரி ஒரு நாள். மேலங்கி இல்லாமல் போய், திரும்பும்போது நடுங்கினேன்.

3.00 மணி. திருமதி லிண்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்தார். பேனையை எடுக்கவில்லை. வாசித்தார். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

“சம்பளப் படிநிலை ஒண்டு கூட்டிப் போட்டிருக்கிறியள்.”
பார்த்தேன். உண்மைதான். என் பிழை. அவருக்கு லாபமான பிழை. நாளையோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது, எதிரே கெஸ்லர்.
“மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்பவே திருத்துறன்.”
“ஓம், திருத்துங்கோ. நான் இருக்கிறன்.”

புதிதாக அச்சடித்தேன். நான் மூன்று தரம் வாசித்தேன். அவர் நாலாம் தரம். கையெழுத்து 3.52க்கு. எழும்பும்போது கெஸ்லரிடம், “பிழையைக் காட்டினா சாக்குச் சொல்லாத பிள்ளை. விட்டிடாதேங்கோ,” என்றார்.

கெஸ்லர் மேசை இழுப்பறையைத் திறந்து எனக்கு ஒரு கடிதம் நீட்டினார். நிரந்தர நியமனம். போன திங்களே கையெழுத்திட்டு வைத்திருந்தாராம். பேனை எடுத்தேன், பிறகு கீழே வைத்து வாசித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் என் பிறந்த வருடம் பிழை. திருப்பிக் கொடுத்தேன்.