ஹாஸ்கே வைத்துவிட்டுப் போன உறை

நெப்ராஸ்கா,
14 நவம்பர் 2009

மதிப்புக்குரிய ஹாஸ்கே அவர்களுக்கு,

அரிசோனாவில் மகள் வீட்டில் சுகமாக இருக்கிறீர்கள் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் டெல்மருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உடம்புதான் தளர்ந்திருக்கிறது, வாய் தளரவில்லை.

உங்களுக்கு எழுதத் தைரியம் வர எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. கார் கம்பெனி உங்கள் ஷோரூமை மூடவைத்த அன்று, ஊரார் முன்னால் நான் கேட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். "எங்க தலையில வண்டியக் கட்டிட்டு நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டீங்க. நாளைக்கு ரிப்பேர்னா யார்கிட்டப் போறது?" இரண்டு நாள் கழித்து எங்கள் தபால் பெட்டியில் உங்கள் கையெழுத்தோடு ஒரு தடித்த உறை கிடந்தது. அதைப் பிரிக்காமலே மேசை இழுப்பறைக்குள் எறிந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கியர் பாக்ஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் சோளக்காடு. டெல்மர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். தானிய லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனதால் டயாலிசிஸ் தவறவில்லை.

வண்டியை எழுபது மைல் இழுத்துப் போய் வேறொரு டீலரிடம் விட்டோம். அங்கே சர்வீஸ் பார்க்கும் ட்ரூடி, ஒழுங்காகப் பராமரித்ததற்குக் காகிதம் இல்லாமல் வாரண்டியில் செய்ய முடியாது என்றாள். "உங்களுக்கு வித்த கடையே இல்லையேம்மா, நான் யார்கிட்டக் கேக்கறது?" அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்கு வந்துதான் உறையைப் பிரித்தேன். இரண்டு வருடத்து சர்வீஸ் காகிதங்கள் எல்லாம் நகலெடுத்து, தேதி வாரியாக. மேலே உங்கள் குறிப்பு: "வாரண்டி கம்பெனி குடுத்தது, என் கடை குடுத்ததில்ல. எந்த டீலரும் செஞ்சு தரணும். விடாதீங்க."

மறுபடி போய்க் காட்டியதும் ட்ரூடி புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "வண்டி தும்முனதக்கூட எழுதி வச்சிருக்காரே மனுஷன்!" புது கியர் பாக்ஸ் போட்டாள். அதுவரை ஓட்டிக்கொள்ள வேறு வண்டியும் தந்தாள்.

பிறகு விசாரித்தேன். உங்களிடம் வண்டி வாங்கிய எல்லோர் வீட்டுக்கும் அப்படி ஓர் உறை போயிருக்கிறது. உங்கள் பிழைப்பே கைவிட்டுப்போன வாரத்தில் உட்கார்ந்து எங்களுக்காக நகலெடுத்திருக்கிறீர்கள். நான் பேசிய பேச்சுக்கு என்னை மன்னிக்க வேண்டும்.

டெல்மர் தினமும் கேட்கிறார்: "அந்தாளுக்கு எழுதிட்டியா? நன்றி சொல்றதையும் மன்னிப்புக் கேக்கறதையும் நான் இருக்கறப்பவே முடிச்சுடு." கிண்டல்தான் என்கிறார்.

இந்த ஊரில் யாருக்கும் உங்கள்மேல் கோபமில்லை. எங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். பனி உருகட்டும், வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

என்றும் நன்றியுடன்,
ஆர்லிஸ் பென்டா