மூன்று முறை கூப்பிட்டார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தான். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் கூடப்பிறந்தது போலிருக்கிறது.

போன மாதம் நீதிமன்ற ஊழியர் வந்து, நம் வாசல் கதவில் உன் பெயருக்கு வந்த விவாகரத்து நோட்டீஸை ஒட்டினார். சாட்சிக்குப் போட்டோ எடுக்க வேண்டுமாம். “இருங்க, தலை வாரிட்டு வந்துடுறேன்” என்றேன். “உங்களை இல்லம்மா, கதவை” என்றுவிட்டார். எதிர்வீட்டுக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வழக்கு நாளன்று தையல் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். எந்தப் பக்கம் உட்காருவது என்று விழித்தபோது, உன் மனைவிதான் நகர்ந்து இடம் விட்டாள். மருந்துக்கடைச் சீருடையோடு வந்திருந்தாள், அரைநாள்தான் லீவாம். ரொம்ப இளைத்துவிட்டாள். அவள் இளைத்ததெல்லாம் என்மேல்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

வராந்தாவில் உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது முறை நானே பதில் சொல்ல வாயெடுத்துவிட்டேன். சின்ன வயதில் அப்பா கூப்பிட்டால் நீ கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாய், நான் “இதோ வர்றான்பா” என்பேனே, அந்தப் பழக்கம்.

கதவுக்குச் சொந்தக்காரி என்று நீதிபதி என்னை எழுப்பி, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். நீ வேலை பார்க்கும் அச்சகத்துக்கு நீதிமன்றம் அனுப்பிய நோட்டீஸ் ‘ஆள் இல்லை’ என்று திரும்பியிருந்தது. அதே முகவரிக்கு நான் போடும் கடிதம் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. “தெரியாதுங்க” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். என் பொய் அவளுக்குத் தெரியும்.

வெளியே வந்துதான் பேசினாள். “அவர் திரும்பி வர வேணாம் அண்ணி. எதிர்ல நின்னு, சரி போன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இல்லாத ஆள்கூடவா பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினேன்?” என்றாள்.

வரும் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. அன்றும் நீ வராவிட்டால் நீ இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உன் நீலச் சட்டையின் காலரைத் திருப்பித் தைத்து வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு. மூன்று முறைதான் கூப்பிடுவார்கள், தம்பி. இந்த முறை உனக்காக நான் பதில் சொல்ல முடியாது.

உன் அக்கா