ஒன்பதுக்கு ஏறி ஒன்பதுக்கே இறங்கியது

அன்புள்ள அம்மாவுக்கு, அக்ராவிலிருந்தே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறேன். முழங்கால் வலி தேவலையா?

"லாகோஸ்ல ஒம்பதுக்கு ஏறி அங்க ஒம்பதுக்கே எறங்கிட்டான். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு எட்டிப் பாக்க மாட்டேங்கிறான்" என்று சந்தையில் சொல்கிறீர்களாம், அக்கா எழுதியிருந்தாள். விமானப் பயணம் ஒரு மணி நேரம் அம்மா. இங்கே கானாவில் கடிகாரம் நம் ஊரைவிட ஒரு மணி பின்னால் ஓடுகிறது. விடுப்பு டிசம்பரில்தான்.

வேலைக்குப் போன முதல் நாள் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, ஒரு மணி முன்னதாகவே கிடங்கு வாசலில் போய் நின்றேன். காவலாளி டெட்டே சிரித்தார். "என்ன லாகோஸ்காரரே, உங்க ஊர்ல தூங்கவே விடமாட்டாங்களா?"

வருகிறவர்களிடம் நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொடுத்தனுப்புங்கள். லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

கடிகாரத்தை இன்னும் மாற்றவில்லை. நீங்கள் கடை திறக்கும் நேரம் அதில்தான் தெரிகிறது.

உங்கள் மகன்,
கயோடே