பனிக்கு ஆசைப்பட்டவன்

ஜனவரி 6, செவ்வாய்

எங்கள் நிறுவனம் திருட்டு நிறுவனம். பராமரிக்கப் போகும் ஒரு வயதானவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்கு நான் கார் ஓட்டும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கார் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, மேட்டில் ஏறித் தேய்கிற டயரும் என்னுடையது. கதவைத் தட்டி உள்ளே போனால்தான் நான் ஊழியன். சாலையில் இருக்கும்வரை நான் யாரோ. இதைச் சொன்னால் மேலாளர் கில்லியன் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, துறை முழுக்க இப்படித்தான் ஜோயல் என்பாள்.

இன்றும் தூறல். ஒன்பது டிகிரி. ஜனவரி மாதிரியே இல்லை, அழுக்குத் துணி பிழிந்த மாதிரி.

காலையில் தோழி பெத்திடமிருந்து செய்தி: ‘வானிலை வரைபடம் பாரு. ஒன்பதாம் நாள். கிழக்குக் காற்று.’ நான் பார்த்துக்கொள்ளும் கிழவர் வில்ஃப் வீட்டு வாசலில் நின்றே பார்த்தேன். ரஷ்யாப் பக்கத்திலிருந்து நேராக எங்கள் பள்ளத்தாக்கை நோக்கி கடுங்குளிரைக் காட்டும் ஊதா நிறம் வழிந்திருந்தது. ஒன்பதாம் நாள் படத்தை நம்புகிறவன் முட்டாள். தெரியும். இருந்தும் இன்னும் மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

ஜனவரி 8, வியாழன்

காலைப் படத்தில் எல்லாம் போச்சு. மழை. அட்லாண்டிக் நாசமாய்ப் போக.

ஜனவரி 10, சனி

திரும்பி வந்துவிட்டது! வானிலையைக் கணிக்கும் மூன்று கணினிகளும் ஒரே மாதிரி வரைகின்றன. இணையத்தில் பனிப் பைத்தியங்கள் கூடும் குளிர்கால அரட்டையில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. தெற்கே இருப்பவன் எல்லாம் எங்களுக்கும் வருமா எங்களுக்கும் வருமா என்று பிச்சை கேட்கிறான். அரட்டையை மேய்க்கும் கென் (ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சந்தோஷப்பட்டால் அபராதம் என்று நினைக்கிற மனுஷன்) வழக்கம்போல, “கடைசில ஈரப்பனிதான் விழும், செருப்புதான் நனையும், எழுதி வச்சுக்கோங்க” என்று போட்டிருந்தார். பெத் அவருக்கு ஒரு குடை படம் அனுப்பினாள்.

பெத்தைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை போல. அரை வருஷம் அரட்டையில் ‘வடசரிவு’ என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, யார் வீட்டுக்கு யார் போக வேண்டும் என்று சொல்லும் பெண் பேச்சுவாக்கில், பனிக்கோடு இன்னிக்கு முந்நூறு மீட்டர்ல இருக்கு, அதுக்கு மேல பனிதான், பாத்து ஓட்டு என்றாள். அப்படிப் பேசுகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இரண்டு பேர்தான். ஒருவன் நான். அன்றிலிருந்து அவள்தான் எனக்கு நெருக்கம். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் எங்கள் ஆள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

வில்ஃப் ஹார்கிரீவ்ஸ் ஸ்டோன்ஷாவில், சாலை முடிகிற இடத்தில், தனியாக இருக்கிறார். காலையில் ஒருதடவை, மாலையில் ஒருதடவை போகிறேன். நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது. மாலையில் நான் போய் ஹீட்டரைப் போட்டு, சூப் சூடாக்கிக் கொடுத்து, படுக்க வைத்தால்தான் அவருக்கு இரவு. பகலில் ஹீட்டர் போட விடமாட்டார், பில் பயம். கோட்டும் தொப்பியுமாக வீட்டுக்குள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

“என்னப்பா வானிலை மந்திரி, வருதா உன் பனி?”

வியாழக்கிழமை வரும் என்றேன்.

“போன மாசமும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு இதையேதான் சொன்ன. வந்தா சொல்லு, ஜன்னல் பக்கம் திருப்பி உக்கார வை. வரலன்னா அந்த பிஸ்கட் டப்பாவ இப்படித் தள்ளிட்டுப் போ.”

டப்பாவைத் தள்ளிவிட்டுத்தான் வந்தேன்.

வியாழக்கிழமை என் கார் அந்த மேட்டில் ஏறாது. பெத்திடம் சொன்னேன்: நிறுவனத்திடம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று இருக்கிறது, கில்லியன்தான் அதில் கடைக்குப் போய் வருகிறாள், அந்த ஒருநாளைக்கு அதை எனக்குக் கொடுக்கச் சொல். கேட்கிறேன் என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டே நாள். இனி மாறாது. அரட்டையில் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, எனக்கும்தான். நான் எழுதியது: ‘மொத்தமா கொட்டட்டும். ரோடு மூடட்டும். மூணு நாளைக்கு எவனும் மேல ஏறவும் கூடாது, கீழ இறங்கவும் கூடாது.’ எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். எழுதாதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம். முதல் இதயம் பெத் போட்டது.

வண்டி பற்றிக் கேட்டேன். கில்லியனிடம் சொல்லியாச்சு, பதில் வரவில்லை என்றாள்.

ஜனவரி 15, வியாழன்

வந்துவிட்டது.

காலையில் வில்ஃபை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். அப்போது சின்னச் சின்னதாக, உலர்ந்த மாவு மாதிரி. மத்தியானத்துக்குள் சுவர்களின் மேல் மெத்தை. ஆடுகள் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தன. எத்தனை வருஷம் ஆகிவிட்டது இப்படிப் பார்த்து!

மாலை ஸ்டோன்ஷா மேட்டில், தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் வளைவில், கார் பின்னால் வழுக்கிச் சுவரில் உரசி நின்றது. மறுபடி ஏற்றினேன். மறுபடி வழுக்கியது. அப்போது பெத் கூப்பிட்டாள். அலுவலக லைன் நிரம்பி வழிவதால் தன் சொந்தப் போனில்.

“திரும்பிப் போயிடுடா. ஏத்தாத, செத்துப்போவ.”

வில்ஃப் நாற்காலியில் இருக்கிறார், ஹீட்டர் அணைந்திருக்கிறது, நடந்தாவது போகிறேன் என்றேன்.

“பனிப்புயல்ல நடந்து போறியா? போய் விழுந்து வைப்ப, அப்புறம் உன்னை வேற தேடணும். மேல இருக்கற பண்ணைக்காரர் கிட்ட டிராக்டர் இருக்கு, அவர்கிட்ட நான் பேசறேன். வில்ஃப் என் பொறுப்பு. நீ வீட்டுக்குப் போ.” பிறகு, “சரி, அங்க எவ்ளோ இருக்கு?”

கார் கூரையில் அளக்கக் கூடாது, தரையில் அளக்க வேண்டும், அது எங்கள் விதி. சுவரோரம் குனிந்து ஸ்கேலைக் குத்தினேன். பதினாலு சென்டிமீட்டர். அவள் அலுவலகத்திலேயே கத்திவிட்டாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, தேநீரை வைத்துக்கொண்டு தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் பழைய ஆரஞ்சு விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் பனி எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்று சரியாகத் தெரியும். அரட்டையில் எல்லோரும் அவரவர் விளக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கென்கூட ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டார்.

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி

வில்ஃப் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

காலையில் ஆட்டுக்குத் தீனி கொண்டுபோன பண்ணைக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அதே நாற்காலி. வெளியே பார்த்தபடி. கோட்டு, தொப்பி. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் ஏற முடியாமல் டிராக்டரில்தான் இறக்கினார்களாம். நேற்று தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்கிறார் அந்த மனுஷன். கூப்பிட்டிருந்தால் அரைமணி வேலை என்கிறார்.

பெத் போனை எடுக்கவில்லை.

ஜன்னல் பக்கம் அவரைத் திருப்பி வைத்தது நான்.

ஜனவரி 17, சனி

எடுத்தாள். அழுதாள். அந்த நேரத்தில் வரிசையாக எல்லோரும் கூப்பிட்டார்களாம், எவனும் எந்த வீட்டுக்கும் போக முடியவில்லையாம். “மறந்துட்டேன்டா. உன்கிட்ட பேசிட்டு வச்சேன், அடுத்த போன் வந்துச்சு, அப்படியே மறந்துட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பெண், ஒரே போன், மலை முழுக்க தனியாக உட்கார்ந்திருக்கிற ஜனம். இன்னொரு ஆளைப் போடாதது யார்? வண்டியைக் கேட்டும் தராதது யார்? உள்ளதை உள்ளபடி இரண்டு பேரும் சேர்ந்தே சொல்வோம் என்றேன். நீ மறந்ததையும் சொல், நாம் வண்டி கேட்டதையும் சொல். தப்பு உன் தலையில் விழ விடமாட்டேன்.

சரி என்றாள். சேர்ந்தே சொல்வோம் என்றாள். இரண்டு தடவை.

ஜனவரி 22, வியாழன்

விசாரணை. கில்லியன், தலைமை அலுவலகத்திலிருந்து டை கட்டிய ஒருவன், பெத், நான்.

மேஜையில் என் எழுத்து. ‘ரோடு மூடட்டும். மூணு நாளைக்கு எவனும் மேல ஏறவும் கூடாது.’ அச்சடித்து, மஞ்சள் கோடு போட்டு. அது உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் பக்கம். இந்தக் கட்டிடத்தில் எங்கள் உறுப்பினர் இரண்டே பேர். ஒருவன் நான்.

நான் பெத்தைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் குடுவையைப் பார்த்தாள்.

போன வியாழன் மாலை எனக்குப் போன் வந்தது, திரும்பிப் போகச் சொன்னார்கள் என்றேன். டைக்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

“கூப்பிட்டேன்” என்றாள். “ஆனா அது வேலை விஷயமா இல்லை. என் சொந்த போன்லதான் கூப்பிட்டேன். எவ்ளோ பனி இருக்குன்னு கேட்டேன், அளந்து சொன்னார். நாங்க எப்பவும் பனியைப் பத்தித்தான் பேசுவோம்.”

அளந்து சொன்னார். சொன்னான் இல்லை, சொன்னார். எனக்கு மரியாதை வேறு.

இதை எப்படி மறுப்பது? அளந்தது உண்மை. சிரித்தது உண்மை. எத்தனையோ மாதம் வேறு எதையும் பேசாமல் பனியைத்தானே பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சை எல்லாம் எடுத்து ‘திரும்பிப் போ’ என்ற அந்த ஒரு வாக்கியத்தின் மேல் போட்டு மூடிவிட்டாள். வண்டி கேட்டது? அப்படி ஒன்று தன்னிடம் வரவில்லை என்றாள் கில்லியன். பெத், தனக்கு ஞாபகம் இல்லை என்றாள்.

டைக்காரன் காகிதத்தை என் பக்கம் தள்ளினான். “நீங்க ஆசைப்பட்ட மாதிரியே ரோடு மூடினதும், அவரை விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. அப்படித்தானே ஜோயல்?”

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. கத்தினதையும் குறித்துக்கொண்டார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

பனி உருகிவிட்டது. ஓரங்களில் மட்டும் கறுப்பாக.

ஜனவரி 29, வியாழன்

வேலை போய்விட்டது. இனி இந்தத் தொழிலில் எங்கே போனாலும், ஆளை அம்போவென்று விட்டுவிட்டு வந்தவன் என்ற பேர்தான் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

மீன் வறுவல் கடை வரிசையில் வில்ஃபின் தங்கை மகள் பாலின் என்னைப் பார்த்துவிட்டாள். அந்தக் காகிதத்தை அவளுக்கும் காட்டியிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், “ஆசைப்பட்டது கிடைச்சுதா?” என்றாள். அவ்வளவுதான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிகூட இல்லை. வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன்.

அவளைக் கோபிக்க முடியவில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் படித்தால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

பிப்ரவரி 11, புதன்

பெட்டி ஏற்றும் கிடங்கில் வேலை. இங்கேயும் சம்பளத்தில் திருடுகிறார்கள், ஆனால் பெட்டிக்குக் குளிராது.

வில்ஃப் பிழைத்துக்கொண்டார். ஸ்டோன்ஷா வீட்டுக்கு இனி திரும்ப மாட்டார். கீழே முதியோர் இல்லத்தில் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே போய் வந்தாள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவரைக் கேட்டீர்களா என்றேன். அவர் தூங்குகிறார் என்றாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு.

பிப்ரவரி 20, வெள்ளி

பெத்துக்குப் பதவி உயர்வு. இப்போது கில்லியனுக்கு அடுத்த இடம். பழைய சக ஊழியன் ஒருவன் சொன்னான். வாடகை, அவள் அம்மாவின் மருந்து, அவளுக்கும் கஷ்டம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். இருக்கும். எனக்கு இல்லையா?

எனக்கு வலிப்பது அவள் பதவி வாங்கியதற்காக இல்லை, என்னை விற்றதற்காகவும் இல்லை. “நாங்க எப்பவும் பனியைப் பத்தித்தான் பேசுவோம்”. எங்களுக்குள் இருந்த ஒரே நல்ல விஷயத்தை எடுத்துத்தான் அடித்தாள். அதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

யாரும் எதிர்பார்க்காமல் பனி. மெல்லிசாக. மதியத்துக்குள் போய்விடும்.

ரொம்ப நாளுக்குப் பிறகு அரட்டையைத் திறந்தேன். எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். ‘வடசரிவு’ ஒரு படம் போட்டிருந்தாள்: தோட்டத்துச் சுவர், ஸ்கேல், மூன்று சென்டிமீட்டர். கீழே இதயங்கள்.

அதன் கீழே எழுதினேன்: ‘ஜனவரி பதினஞ்சு சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி திரும்பிப் போகச் சொன்னது யாரு, பெத்?’

கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. கென் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: “தம்பி, சொந்த விவகாரம் வேண்டாம். இங்க வானிலை மட்டும்தான்.” கெட்ட மனுஷன் இல்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிறகு அவளுடைய போனுக்கே அனுப்பினேன். திட்டவில்லை. வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

‘பாலின் கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லு. நீதான் என்னைத் திரும்பிப் போகச் சொன்னன்னு. வேற யார்கிட்டயும் வேண்டாம். அவகிட்ட மட்டும் சொல்லு.’

படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. வெளியே கூரைகளிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னொரு தடவை அனுப்பினேன்.

‘சொல்லு.’