உறை வந்து சேர்ந்தது, அண்ணை

என் வாய்க்கார, சண்டைக்கார, செல்ல அண்ணைக்கு,

ஒரு செய்தி இருக்கிறது. உடனே சொல்லமாட்டேன். எங்கடின் மலை ஹோட்டலிலிருந்து ரயில் ஏறும்போதே "ஒரு விசயம் இருக்கு பிள்ளை, நேரிலை சொல்லுறன்" என்று எனக்கு அறிவித்துவிட்டு, வந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும்பித்தானே நீங்கள் வாய் திறப்பீர்கள்? இப்போது காத்திருக்க வேண்டியது உங்கள் முறை.

முதலில் வீட்டு நிலவரம். அண்ணி சுகமாக இருக்கிறா. சாப்பிடுகிறா, சிரிக்கிறா, வெள்ளிக்கிழமைகளில் திரிம்பாக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று என்னை இழுக்கிறா. ஹோட்டல் குசினியில் உங்கள் இடத்துக்கு ஒரு போர்த்துக்கல்காரர் வந்திருக்கிறாராம். நல்ல மனிசனாம், ஆனால் அவருடைய சோஸ் வாயில் வைக்கேலாதாம். உங்கள் கூட்டாளிகள் இதை என்னிடம் சொன்னபோது, கேட்டிருந்தால் உங்களுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள். ஆகவே உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், குறுக்கே கதைக்காதீர்கள். என் அண்ணை ஒரு சமையல்காரர். வேலைக்கு ஏறி இறங்கும் மலை ரயிலில் தொலைபேசியைத் தடவித் தடவி ஜப்பானிய இராணுவ வாள்களைத் தேடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. சாமுராய் வாள் இல்லை. அந்த வாள்களை வைத்திருப்பவர்கள் அண்ணையின் வாள்களைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள். இவை போர்க்காலத்தில் தொழிற்சாலையில் செய்து சார்ஜன்ட்மாருக்குக் கொடுத்தவை. ஒவ்வொரு வாளிலும் ஒரு இலக்கம் அடித்திருக்கும், அதே இலக்கம் அதன் இரும்பு உறையிலும் இருக்கும்.

போர் முடிந்து தோற்றவர்கள் வாள்களைக் கையளிக்க, வென்ற நாட்டுச் சிப்பாய்கள் ஆளுக்கு ஒன்றாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதனால் அவை இன்றைக்கும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் யாரோ ஒருவருடைய பரணில் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள். அண்ணை எனக்குத் தொலைபேசியில் தகவல் அடிப்பார், "வதனி, உடனை எழுது!"

எழுதுகிறவள் நான். உங்களுக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, வரும், குசினி இத்தாலியன் வரும், ஆங்கிலம் மட்டும் வராது. நான் கூர் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றமுன் உங்கள் அழைப்பு வரும். நீங்கள் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். அப்படி ஏழு வாள் எல்லை கடந்து வந்தது. எங்கள் ஆட்கள் இங்கே நகை சேர்ப்பார்கள், காணி வாங்குவார்கள். நீங்கள் துருப்பிடித்த வாள் சேர்த்தீர்கள். அண்ணி விருந்தாட்களுக்கு அந்த அலுமாரியைத் திறந்தே காட்டமாட்டா.

நானும் ஒருநாள் கேட்டேன், நினைவிருக்கிறதா? "சண்டையிலையிருந்து தப்பி ஓடிவந்த நாங்கள், ஆக்களை வெட்டின வாளை ஏன் அண்ணை வீட்டுக்கை வைச்சிருக்கவேணும்?" நீங்கள் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தீர்கள். "என்ரை அலுமாரிக்கை கிடக்கிறவரைக்கும் இது ஒருத்தரையும் வெட்டாது. ஒரு பூசணிக்காயைக்கூட வெட்ட விடமாட்டன்" என்றீர்கள்.

அந்த ஏழில் ஒன்றுக்குத்தான் குறை. அதன் உறை அதனுடையது இல்லை, வேறு இலக்கம். வாளை முழுதாக உள்ளே தள்ளமுடியாது, ஒரு விரல் அகலம் வெளியே நிற்கும். எங்கேயோ ஒரு குவியலில் அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் முடிவு. உலகத்தில் எங்கேயோ இதன் உறைக்குள் வேறொரு வாள் இடைஞ்சல்பட்டுக்கொண்டு இருக்கிறது என்று சாப்பாட்டு மேசையில் இருந்து சொல்வீர்கள். அண்ணி, "சோறு ஆறுது" என்பா.

ஒருநாள் ஸ்கொட்லாந்தில் ஒரு கிழவர் தன் வாளின் படத்தைச் சேகரிப்பாளர்களின் இணையப் பக்கத்தில் போட்டார். விற்பதற்கு இல்லை, தகப்பன் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது, உறைதான் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய வாளின் இலக்கம் உங்களிடம் இருந்த உறையில். அவருடைய உறையின் இலக்கம் உங்கள் வாளில்! நீங்கள் ரயிலுக்குள்ளேயே எழும்பி நின்று கத்தியதில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு இருந்த ஒரு குடும்பம் வேறு பெட்டிக்குப் போய்விட்டதாக நீங்களே சொன்னீர்கள். உறையை உறைக்கு மாற்றினால் போதும், இரண்டு வாளும் வீடு சேர்ந்துவிடும்.

மாற்றியிருக்கலாம். ஆனால் நாங்கள் அதற்கு முந்தின வருசம் அந்த வாளுக்குப் பொட்டு வைத்திருந்தோமே.

அதையும் சொல்லிவிடுகிறேன். நவராத்திரிக்கு நீங்கள் வேலையில் நின்றீர்கள். சரஸ்வதிக்குரிய கடைசி மூன்று நாளும் ஆயுதங்களைச் சாமிக்கு முன்னால் வைக்கவேண்டும் என்று அண்ணி சொல்ல, நான் சந்தனம் அரைத்தேன். அண்ணி வாளை உருவி, நடு அலகில் வைத்தால் வடிவில்லை என்று, கைப்பிடிக்குக் கிட்ட, சரியாக அந்த இலக்கத்தின்மேல், ஈரச் சந்தனத்தில் பெரிய பொட்டாக வைத்துக் குங்குமமும் வைத்தா. அடுத்த நாள் நீங்கள் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தீர்கள். ஈரம் பட்டால் துரு தின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும், "சாமிக்கு வைச்சதைப் பூசை முடியமுன்னம் துடைக்கிறதோ?" என்று நீங்களே விஜயதசமிவரை அந்த வாளுக்கு முன்னால் புழுங்கிக்கொண்டு இருந்தீர்கள். துடைத்தபோது கடைசி எண் மூன்றோ எட்டோ தெரியவில்லை, பழைய படத்திலும் அது தெளிவில்லை.

கிழவரின் உறையில் இருந்தது மூன்று. உங்கள் வாளில் இருப்பது எட்டு என்று கிழவர் எழுதினார்.

"உந்தக் கிழவனுக்குக் கண்ணிலை கோளாறோ? சின்னப்பிள்ளைக்கும் தெரியும் உது மூண்டெண்டு. விசர்க் கிழவன். முதல்லை உறையை அனுப்பச் சொல்லி எழுது, பிறகு நான் அனுப்புறன்" என்றீர்கள். நான் எழுதியது இது: "மதிப்புக்குரிய ஐயா, எங்கள் படம் தெளிவில்லாமல் இருந்திருக்கலாம், பொறுத்தருளுங்கள். தங்களுக்கு வசதிப்படும்போது தாங்கள் முதலில் அனுப்பினால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்."

அவர் எழுதியதை இன்றைக்குத்தான் உங்களுக்கு உள்ளபடி சொல்கிறேன், கோபிக்காதீர்கள். "உன் அண்ணன் வாளை எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்று அறியாத காலத்திலிருந்தே நான் இந்த இலக்கங்களைப் பார்த்து வருகிறேன். அவருக்குக் கண் தெரியாது, அல்லது ஆள் கள்ளன். எது என்று கேட்டுச் சொல்." நான் உங்களுக்குச் சொன்னேன்: "அவர் கொஞ்சம் யோசிக்கிறாராம் அண்ணை. உங்களிலை நல்ல மரியாதையாம்."

"மரியாதை கிடக்கட்டும். அனுப்புவானோ மாட்டானோ?"

ஒரு வருசம் இப்படியே போனது. நீங்கள் திட்டுவீர்கள், நான் கும்பிட்டு எழுதுவேன். அவர் திட்டுவார், நான் பூப்போலக் கொண்டுவந்து தருவேன். எண்பது வயது மனிதருக்கு "விசர்க் கிழவன்" என்று எழுத என் கை வருமா? வயதுபோனவர்களுக்கு அடக்கமாகப் பதில் சொல்லித்தானே நான் சம்பளம் எடுக்கிறேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பிறகு தையில் ஒருநாள், குசினியில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கதிரையில் இருந்த நீங்கள் எழும்பவில்லை.

செத்த வீடு, காடாத்து, அந்தியேட்டி எல்லாம் முடிந்தது. வாள்களை என்ன செய்வது என்று அண்ணி என்னைக் கேட்டா. ஆறை வைத்திருக்கலாம், அந்த ஒன்றைப் பார்க்கத்தான் தன்னால் முடியவில்லை என்று அழுதா. "கடைசிவரைக்கும் உந்த வாளைப் பற்றித்தானே கதைச்சவர். அந்த உறையைக் காணாமலே போயிட்டார்." நீங்கள் இரண்டுபேரும் சொன்னதில் ஒன்றையும் உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்க்காதவள் நான். அது வராமல் போனதற்கு நானும் ஒரு காரணம் என்று அண்ணிக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு கிழவருக்கு எழுத இருந்தேன். ஒரு வருசத்தில் நீங்கள் சொன்னது எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், உங்கள் வாயில் வந்தபடியே எழுதினேன். விசர்க் கிழவனும் எழுதினேன், உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே படுக்கட்டும் என்றதும் எழுதினேன். கண் டொக்டரை விட்டுவிட்டு மாட்டு டொக்டரிடம் போகச் சொன்னதையும் எழுதினேன். சில சொல்லுக்கு ஆங்கிலம் தேட அரைமணி எடுத்தது. எழுத எழுத நீங்கள் பக்கத்தில் நின்று கத்துவதுபோலவே இருந்தது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் இப்படி முடித்தேன்: "இதுதான் என் அண்ணன். அவர் காலமாகி ஏழு மாதம். உங்களுக்கு எழுதிய பணிவு எல்லாம் என்னுடையது. எண்ணைக் கெடுத்தது எங்கள் சந்தனம். உங்களிடம் இருப்பது அவருடைய உறை, அது எனக்கு வேண்டும்."

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

"வதனி, ஒரு வருடமாக ஒரு பாதிரியாரோடு எழுத்துத் தொடர்பு வைத்திருப்பதாக நினைத்தேன். இவ்வளவு பணிவாக எழுதுகிறவன் கட்டாயம் மோசடிக்காரன் என்றுதான் அனுப்பாமல் இருந்தேன். உன் அண்ணன் இப்படிப் பேசுகிறவர் என்று தெரிந்திருந்தால் முதல் வாரமே அனுப்பியிருப்பேன். உறை இன்று காலை தபாலில் போய்விட்டது. ஆனால் அது எட்டுத்தான். அவரோடு ஒரு நாளாவது சண்டை பிடிக்க எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்."

வாசித்து முடித்து நான் அழுதேன் அண்ணை. பிறகு திரும்ப வாசித்துச் சிரித்தேன்.

சுங்கத்தில் ஒரு வாரம் மறித்து வைத்திருந்தார்கள். ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார், இளம் குரல். "இது வாள் உறை என்று போட்டிருக்கிறதே, வாள் எங்கே?" என்றார். வாள் கூரில் இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் உறை ஏன் ஸ்கொட்லாந்தில் இருந்தது?" நான் மூச்சு விடாமல் பர்மாவிலிருந்து தொடங்கிச் சந்தனம்வரை சொல்லி முடித்தேன். மற்றப் பக்கத்தில் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு அனுப்பிவிடுகிறேன், பொருந்தினால் எனக்கும் சொல்லுங்கள்" என்றார். சட்டப்படி இதைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இனித்தான் செய்தி. நேற்று அண்ணி வீட்டு வரவேற்பறையில் பொதியைப் பிரித்தோம். நல்ல பச்சை வர்ணம், ஒரு இடத்தில் சின்ன நெளிவு. வாளை என்னிடம் தரச் சொன்னேன், அண்ணி தரவில்லை. "நான்தானே பொட்டு வைச்சனான், நானே போடுறன்" என்றா. வாளின் முனையை உறை வாயில் வைத்தா. தள்ளவே இல்லை அண்ணை. அது தானாக இறங்கியது. முழுதாக இறங்கி, அந்த ஒரு விரல் அகலமும் மறைந்து, கைப்பிடியில் உள்ள கொளுவி 'டிக்' என்று பூட்டி விழுந்தது.

"ஏறீட்டுதடி!" என்று அண்ணி என்னைக் கட்டிப்பிடித்தா. பிறகு உங்கள் படத்தைப் பார்த்து, "கேட்டதோ? உங்கடை மூண்டுதான்" என்றா. அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்து எட்டு மாதம்.

மற்ற உறையை இன்று காலை நானே தபாற்கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவருக்குப் படமும் அனுப்பினேன். வேலை முடிந்து வரமுன் அவருடைய பதில் வந்து கிடந்தது. கொளுவி விழுந்தால் எண் மூன்றாகிவிடுமா, அந்தத் தொழிற்சாலைக்காரன் எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் செய்தான், தைரியமிருந்தால் நேரில் வந்து சொல் என்று எழுதியிருக்கிறார். பிறகு ஏன் அவருடைய வாளுக்கு மட்டும் உறை பொருந்தவில்லை என்று அவர் எழுதவில்லை.

ஆகவே போகிறோம். சித்திரையில் எனக்கு லீவு, அண்ணியும் நானும் பறப்புக்குப் பதிந்துவிட்டோம். வாளைக் கொண்டுபோகேலாது, எண்ணைப் பெரிதாகப் படம் எடுத்துக் கொண்டுபோகிறோம். நீங்கள் பிடிக்கவேண்டிய சண்டையை அந்த மனிதரின் வீட்டு வாசலில் நின்று நான் பிடிப்பேன், இது சத்தியம். ஐயா என்று ஒரு தடவையும் சொல்லமாட்டேன். அவர் களைத்து விழுந்து மூன்று என்று ஒத்துக்கொள்ளும்வரை அங்கிருந்து எழும்பவும் மாட்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வருசமும் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயை எடுத்துக்கொண்டு புறப்படும் தங்கச்சி,
வதனி